எதிர்வீட்டானுக்கு நான் சொன்ன நன்றியுரை

வாசகரே, உங்களைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுகிறேன். அன்று மாலை எங்கள் படிப்பகத் திடலில் நிரம்பியிருந்தவர்களில் ஒருவர்கூட எனக்குச் சாட்சி சொல்லமாட்டார். கேட்டுப் பாருங்கள். "பேசிக்கிட்டிருந்தாரு, நடுவுல தண்ணி குடிக்கப் போனாரு, திரும்பி வந்து பேசுனாரு" என்பார்கள். எதிர்வீட்டான் தண்ணீர் குடிக்கப் போகவில்லை. போனதற்கும் திரும்பி வந்ததற்கும் இடையில் ஒருவன் ஒலிபெருக்கியின் முன் நின்றான். அவனை ஊர் மறந்துவிட்டது. நீங்களாவது நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே, நடந்ததை நடந்த வரிசையில் உங்கள் முன் வைக்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கம் அது. நான் காரைக்காலில் கல்லூரியில் முதுகலை மாணவன். கல்லூரிக்கு வெளியே பேச்சாளன். பேச்சை முறையாகப் பயின்றவன். முதல் வாக்கியம் தாழ்ந்து தொடங்க வேண்டும். மூன்றாவது வாக்கியம் கடைசி வரிசையின் தோளைத் தொட வேண்டும். வாய்க்கும் ஒலிபெருக்கிக்கும் ஒரு சாண் இடைவெளி வேண்டும். கைதட்டல் எழும்போது பேசக் கூடாது; அது முழுவதும் அடங்கும்வரை காத்திருக்கவும் கூடாது. அடங்கத் தொடங்கும் அந்த அரைக்கணத்தில் அடுத்த வாக்கியத்தை இறக்க வேண்டும். இவற்றையெல்லாம் அறிந்தவர் எங்கள் வட்டாரத்தில் அன்று வேறு எவரும் இல்லை. இதைத் தற்பெருமை என்று கொள்ள வேண்டாம். அன்றைய நிலவரம் அப்படி.

ஆண்டுதோறும் ஜூலை பதினான்காம் நாள் படிப்பகத்தின் ஆண்டுவிழா. காலையில் பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வுபெற்ற முதியவர்கள் மார்பில் பதக்கங்களைக் குத்திக்கொண்டு, கஞ்சி போட்ட சட்டையில் நினைவுத்தூணுக்கு அணிவகுத்துச் செல்வார்கள். அவர்களை ஊரில் சொல்தா என்போம். மாலையில் எங்கள் விழா. பிரெஞ்சுக்காரர்களின் திருநாள் என்பதால், சிறப்புரை பிரான்சைப் பற்றித்தான் இருக்க வேண்டும் என்பது வழக்கம். மூன்று ஆண்டுகள் தொடர்ந்து அந்தச் சிறப்புரை என்னுடையதாக இருந்தது. பஸ்தீல் சிறைக்கதவை மக்கள் முட்டித் திறக்கும் இடத்துக்கு வரும்போது மேசையில் என் முஷ்டி விழும். திடலின் பின்பக்கம் பூவரச மரத்தடியில் நிற்கும் இளைஞர்கள் விசிலடிப்பார்கள். அந்த விசிலுக்காக நான் ஆண்டு முழுவதும் காத்திருப்பேன். அவர்களை 'என் பையன்கள்' என்றே மனத்துக்குள் அழைத்துவந்தேன்.

இனி எதிர்வீட்டான். அவனைப் பெயர் சொல்லி எழுதமாட்டேன். எங்கள் வாசலுக்கு நேர் எதிரே அவர்கள் வாசல். அவன் தந்தை ஒரு சொல்தா. ஊர் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து இந்தியாவுக்குச் சட்டப்படி கைமாறியபோது, விரும்புகிறவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம் என்று ஆறு மாத அவகாசம் தந்தார்கள். அவன் தந்தை போய்க் கையெழுத்திட்டார். என் தந்தை போகவில்லை. ஏன் போகவில்லை என்று நான் வளர்ந்தபின் பலமுறை கேட்டிருக்கிறேன். "நான் இருக்கற ஊர்லயே இருக்கறதுக்கு எதுக்குடா கையெழுத்து" என்பார். அதற்குமேல் அந்தப் பேச்சை வளர்க்கமாட்டார். இப்படியாக, ஒரே தெருவில், ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கும் இரு வீடுகள் இரு நாடுகளாயின. இந்த வாசலில் நின்று துப்பினால் அந்த நாட்டில் விழும் என்று தெருப் பிள்ளைகள் கேலி பேசுவார்கள்.

எதிர்வீட்டானும் நானும் ஐந்தாம் வகுப்புவரை ஒரே பெஞ்சு. அதன்பின் அவன் பிரெஞ்சுப் பள்ளிக்குப் போனான். கோவையாக நான்கு வாக்கியம் பேச வராதவன். ஒன்றைத் தொடங்குவான், பாதியில் "அதான்டா" என்பான், மீதியை நாம் புரிந்துகொள்ள வேண்டும். நான் மேடையேறத் தொடங்கிய காலத்தில் என்னோடு வருவான். பனங்கற்கண்டு போட்ட வெந்நீரை ஒரு செம்பில் ஊற்றி மேடைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். என் குரல் கட்டும்போது எழுந்து வந்து நீட்டுவான். நான் குடிப்பேன். இந்த ஏற்பாடு எங்கள் இருவருக்கும் இயல்பாகவே இருந்தது.

பதினெட்டு முடிந்ததும் அவனைப் பிரான்சுக்குக் கட்டாயப் படைப்பணிக்கு அழைத்தார்கள். போனான். பணி முடிந்ததும் அங்கேயே ஒரு சரக்குக் கிடங்கில் வேலையில் சேர்ந்தான். நான்கு ஆண்டுகள் கழித்து, மாங்கனித் திருவிழாக் கடைகள் பிரிக்கப்பட்டுக்கொண்டிருந்த வாரத்தில், ஒரு மாத விடுப்பில் வந்து இறங்கினான்.

என் துன்பம் மறுநாள் காலையில் தெருமுனை டீக்கடையில் தொடங்கியது.

நான் வழக்கம்போல் நாளிதழோடு உட்கார்ந்திருந்தேன். வழக்கமாக அந்த நேரத்தில் நான்கைந்து பேர் என்னைச் சுற்றி உட்கார்ந்து நாட்டு நடப்பு கேட்பார்கள். அன்று அவர்கள் அனைவரும் எதிர்பெஞ்சுக்கு மாறியிருந்தார்கள். நடுவில் எதிர்வீட்டான்.

"தம்பி, அங்க தவளை திங்கிறாங்களாமே?" என்று கேட்டார் நெடுங்காட்டிலிருந்து நெல்மூட்டை ஏற்றிவந்த வண்டிக்காரர்.

"நாலு வருசத்துல நான் பாக்கலைங்க. நத்தை ஒருதரம் தின்னேன். பூண்டு வாசனதான் தெரிஞ்சுது. நீங்க நெடுங்காட்டு வயல்லேருந்து ஒரு மூட்டை தவளை கட்டி அனுப்புங்க, போவுதான்னு பாப்போம்."

"நெல்லுக்கே வெல இல்ல. தவளையாச்சும் போவட்டும்."

பெஞ்சு முழுவதும் சிரித்தது. நான் நாளிதழைச் சற்று உயர்த்திப் பிடித்துக்கொண்டேன்.

"ரொட்டி உலக்கை நீளம் இருக்குமாமே?"

"இருக்கும். காகிதமெல்லாம் முழுசா சுத்த மாட்டாங்க. கக்கத்துல இடுக்கிக்கிட்டு நடப்பாங்க. வீட்டுக்குப் போறதுக்குள்ள முனைய கடிச்சிடுவாங்க."

"கக்கத்துலயா? அந்த ரொட்டியவா திங்கிற?"

"நானும் இப்ப கக்கத்துலதான் இடுக்கறேன்."

திருமலைராயன்பட்டினத்துத் துணிக்கடைப் பாய் அந்தப் பக்கமாக வந்தவர், சைக்கிளை நிறுத்திவிட்டு இறங்காமலே கேட்டார். "ஹலால் கறி கெடைக்குமா தம்பி? எங்க மச்சான் மவன் துபாய் வேணாம், பிரான்சுக்குத்தான் போவேன்னு நிக்கிறான்."

"கெடைக்குதுங்க பாய். அல்ஜீரியாக்காரங்க கடை இருக்கு. ஆனா எந்தக் கடையா இருந்தாலும் உள்ள நொழஞ்சதும் மொதல்ல வணக்கம் சொல்லணும். சொல்லாம அரைக்கிலோ குடுன்னு கேட்டா நம்மள ஏறெடுத்துப் பாக்க மாட்டாங்க."

பாய் சற்று யோசித்தார். "அப்ப எங் கடைக்கு வர்ற ஒருத்தன்கூட அங்க போயி துணி எடுக்க முடியாது."

வாசகரே, இதில் பேச்சுக்கலை எங்கே இருக்கிறது? தொடக்கம் உண்டா, வளர்ச்சி உண்டா, முத்தாய்ப்பு உண்டா? கோடையில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும் என்கிறான். ஆகஸ்டு மாதம் பாதிக் கடைகளுக்குப் பூட்டுப் போட்டுவிட்டு ஊரே விடுமுறைக்குப் போய்விடும் என்கிறான். எண்பது என்று சொல்ல நான்கு இருபது என்று சொல்வார்கள் என்கிறான். மன்னனின் தலையைக் கொய்த அந்தப் பொறி இன்னும் இருக்கிறதா என்று ஒருவர் கேட்க, "சட்டத்துலேருந்து இப்பத்தான் எடுத்தாங்க. நான் போனப்பகூட இருந்துச்சு" என்கிறான். அந்தப் பொறியைப் பற்றி நான் மேடையில் எத்தனை சொற்கள் செலவிட்டிருக்கிறேன்! அது அண்மைக்காலம்வரை சட்டத்தில் இருந்தது என்ற செய்தியை, டீயை ஆற்றிக்கொண்டே அவன் சொல்லிவிட்டுப் போகிறான்; கேட்டவர்கள் கழுத்தைத் தடவிக்கொள்கிறார்கள். என் உரையில் ஒருவரும் கழுத்தைத் தடவிக்கொண்டதில்லை.

நான் மட்டும் அவனிடம் எதுவும் கேட்கவில்லை. எனக்கும் ஒரு கேள்வி இருந்தது. தெருவே கேட்ட கேள்விகளைவிடப் பெரிய கேள்வி அது. ஆனால் செம்பு ஏந்தியவனிடம் வரிசையில் நின்று கேள்வி கேட்பதா? நாளிதழுக்குப் பின்னாலிருந்து அனைத்தையும் கேட்டுக்கொண்டேன். "என்னடா, ஒன்னுமே கேக்க மாட்டேங்கற" என்று அவனே ஒருநாள் கேட்டான். "படிச்சிருக்கேன்" என்றேன். அவன் தலையாட்டிக்கொண்டு போய்விட்டான்.

இன்னொரு நாள் நடந்த ஒன்றையும் நீங்கள் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். புதுப்பட விளம்பர வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு தெருவில் திரும்பியது. கடையில் நின்ற பையன்கள் விசிலடித்தார்கள். எதிர்வீட்டானின் கையிலிருந்த கிளாஸ் தளும்பி டீ அவன் மடியில் கொட்டியது.

"என்னண்ணே, விசிலுக்குப் போயி?"

"ஒன்னுமில்ல. அங்க விசிலடிச்சா வேற அர்த்தம். பந்தாட்டத்துல, நாடகத்துல, எங்கயா இருந்தாலும். புடிக்கல, எறங்கிப் போன்னு அர்த்தம்." கிளாஸைப் பெஞ்சில் வைத்தான். "கேம்ப்புல ஒரு விழா நடந்துச்சு. உங்க ஊர்ப் பாட்டு ஒன்னு பாடுன்னு மேடையில ஏத்திவிட்டானுவ. ரெண்டு வரிதான் பாடுனேன். நாலா பக்கமும் விசிலு. அதான்."

"எறங்கிட்டீங்களா?"

"பின்ன."

அவன் மடியைத் துடைத்துக்கொண்டான். நான் நாளிதழின் பக்கத்தைத் திருப்பினேன்.

விழாவுக்குப் பத்து நாள் இருக்கையில் படிப்பகச் செயலாளர் எங்கள் வீட்டுக்கு வந்தார். கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் எழுத்தர். யாரையும் புண்படுத்தாமல் பேசுவதில் கைதேர்ந்தவர். அன்று அவர் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்த விதத்திலேயே செய்தி இருந்தது.

"தம்பி, இந்த வருசம் ஒரு சின்ன மாத்தம். கமிட்டியில பேசுனோம். அங்கயே இருந்து வந்த புள்ள ஊர்ல இருக்கறப்ப, அவர விட்டுட்டு நாம பிரான்சப் பத்திப் பேசுனா நல்லாருக்காதுன்னு ஒரு அபிப்ராயம்."

"அவனுக்குப் பேச வராதுங்க."

"பேச வேணாம். கேள்வி-பதில்தான். சனங்க துண்டுச் சீட்டுல எழுதிக் குடுப்பாங்க, நான் படிப்பேன், அவர் பதில் சொல்வார். சிறப்புரைங்கற எடத்துல அதப் போட்டுக்கறோம்."

"அப்ப நான்?"

அவர் தன் விரல்களைப் பார்த்தார். "நன்றியுரை உங்க பேர்ல போட்டிருக்கோம்."

மேடை அறியாதவர்களுக்கு இதன் பொருளை விளக்கியாக வேண்டும். நன்றியுரை என்பது முதுகுகளுக்கு ஆற்றும் உரை. சிறப்புரை முடிந்த நொடியில் கூட்டம் எழுந்துவிடும். செருப்பைத் தேடுவார்கள், குழந்தையைத் தோளில் போடுவார்கள். பந்தல்காரர் நாற்காலிகளை மடக்கத் தொடங்குவார். ஒலிபெருக்கிக்காரர், முடித்துக்கொள்ளும்படி கையால் ஒரு வட்டம் போடுவார். அந்த இரைச்சலுக்கு நடுவே, ஒளி தந்தவருக்கும் ஒலி தந்தவருக்கும் ஒருவன் நன்றி சொல்லிக்கொண்டிருப்பான். அவன் எப்போது முடித்தான் என்பது ஒருவருக்கும் தெரியாது. மூன்றாண்டுச் சிறப்புரையாளனை அந்த இடத்துக்கு நகர்த்திவிட்டு, செயலாளர் என் தாய் கொடுத்த காப்பியை மிச்சமில்லாமல் குடித்துவிட்டுப் போனார்.

மறுத்திருக்கலாமே என்பீர்கள். மறுத்தால் பொறாமை என்பார்கள். பொறாமைதான், ஆனால் அதை அவர்கள் வாயால் சொல்லக் கேட்க நான் ஆயத்தமாக இல்லை. துண்டறிக்கையில் அவன் பெயர் தடித்த எழுத்தில் வந்தது. என் பெயர் அச்சகத்தாரின் பெயருக்கு ஒரு வரி மேலே இருந்தது. அந்தப் பத்து நாளும் எதிர்வாசலில் அவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பல் துலக்குவதைப் பார்க்கும்போதெல்லாம், ஆறு மாதத்தில் ஒருநாள்கூடப் போய்க் கையெழுத்திடாத என் தந்தையின் மீது எரிச்சல் வந்தது. அவனுடைய பெட்டியின் மீது, பெட்டியில் ஒட்டியிருந்த விமானச் சீட்டின் மீது, அவன் செருப்பின் மீதுகூட வந்தது. தெருவில் அனைவரும் இதைக் கவனித்தார்கள். "ஒங்க ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லியாமே" என்று சலூன்காரர் கேட்டார். எதிர்வீட்டான் காதுக்கும் அது போயிருக்கும்.

விழா நாளன்று திடல் நிரம்பியது. சென்ற மூன்று ஆண்டுகளில் இப்படியொரு கூட்டத்தை நான் கண்டதில்லை என்பதை, சாட்சியாகிய உங்களிடம் மறைக்கமாட்டேன். நெடுங்காட்டிலிருந்து டிராக்டரில் வந்திருந்தார்கள். பட்டினத்துப் பாய் தன் மச்சானின் மகனை முன்வரிசையில் உட்காரவைத்திருந்தார். காலையில் அணிவகுத்த சொல்தாக்கள் பதக்கத்தைக் கழற்றாமலே வந்து ஒரு வரிசையை நிரப்பியிருந்தார்கள். அவர்களில் எதிர்வீட்டானின் தந்தையும் ஒருவர். பூவரச மரத்தடியில் என் பையன்கள். மேடையில் கடைசி நாற்காலி எனக்கு.

செயலாளர் வரவேற்றார். எதிர்வீட்டானுக்குப் பொன்னாடை போர்த்தினார். அவன் ஒலிபெருக்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். அப்படிப் பிடிக்கவே கூடாது. ஆனால் எவரும் அதைப் பொருட்படுத்தவில்லை. சீட்டுகள் வந்தன. செயலாளர் படித்தார். அவன் டீக்கடையில் பேசியதுபோலவே பேசினான். பாலாடைக்கட்டியில் பச்சைப் பூஞ்சை படிந்திருக்கும், அதோடுதான் தின்பார்கள் என்றபோது பெண்கள் பக்கம் ஒரு முனகல் எழுந்தது. வேலைநிறுத்தம் உண்டா என்ற கேள்விக்கு, "அதுல மட்டும் நம்ம ஊரு மாதிரியேதாங்க, ரயிலே ஓடாது" என்றதும் பெரிய கைதட்டல். கைதட்டல் அடங்குவதற்குள் அடுத்ததைப் பேசினான். எல்லா விதிகளையும் மீறினான். ஆனாலும் ஒரு தலைகூட வேறு பக்கம் திரும்பவில்லை.

பிறகு ஒரு சீட்டைப் பார்த்துவிட்டுச் செயலாளர் தயங்கினார். பூவரச மரத்தடியிலிருந்து வந்த சீட்டு. "படிங்க சார், படிங்க" என்று குரல்கள் எழுந்தன. படித்தார்: "அங்கே முத்தம் கொடுத்துத்தான் வணக்கம் சொல்வார்களாமே, உண்மையா?"

"உண்மைதாங்க" என்றான் எதிர்வீட்டான். "கன்னத்தோட கன்னம் வைக்கணும், அவ்வளவுதான். ஆனா ஒரு ஊர்ல ரெண்டு, இன்னொரு ஊர்ல மூணு, சில ஊர்ல நாலு. எந்தக் கன்னத்துல தொடங்கணுங்கறதும் ஊருக்கு ஊர் மாறும். தெரியாம நான் எங்க மொதலாளி சம்சாரத்தோட மூக்குல போயி முட்டி, அந்தம்மா கண்ணாடி ஒடஞ்சிபோச்சு."

திடல் வெடித்தது. சொல்தா வரிசையில் ஒரு முதியவர் பதக்கங்கள் குலுங்கச் சிரித்தார். பூவரச மரத்தடியிலிருந்து விசில் கிளம்பியது. ஒன்றல்ல, வாயில் விரல் வைக்கத் தெரிந்த அத்தனை பேரும் அடித்தார்கள். என் பஸ்தீல் கதவு ஒருபோதும் அத்தனை விசில் பெற்றதில்லை.

எதிர்வீட்டான் நின்றுவிட்டான். கைகள் ஒலிபெருக்கியிலிருந்து நழுவின. மரத்தடியை அவன் பார்க்கவில்லை. திரும்பி, கடைசி நாற்காலியில் இருந்த என்னைப் பார்த்தான்.

அந்தப் பார்வையை என்னால் படிக்க முடிந்தது. விசிலுக்கு இங்கே என்ன பொருள் என்பது அவனுக்குத் தெரியாததல்ல. இந்த ஊரில் பிறந்தவன். ஆனால் இந்த ஊரிலும் ஒருவனைக் கீழே இறக்க விசிலடிப்பதுண்டு. அடித்தவர்கள் ஆண்டுதோறும் எனக்கு அடிப்பவர்கள் என்பதையும் டீக்கடையில் கேட்டிருப்பான். நானும் அவனும் பேசிக்கொள்ளவில்லை என்பது தெருவுக்கே தெரியும். கூட்டிப் பார்த்தால் என்ன விடை வரும்?

"அவ்வளவுதாங்க. மன்னிச்சிக்குங்க" என்றான். மேடைக்குப் பின்பக்கமாக இறங்கிப் போனான்.

கூட்டம் எழவில்லை. என்ன நடந்தது என்று விளங்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தது. செயலாளர் என்னிடம் குனிந்தார். "அவருக்கு ஒடம்பு சரியில்ல போலருக்கு. நன்றி சொல்லி முடிச்சிடுங்க தம்பி."

நான் எழுந்து ஒலிபெருக்கியின் முன் வந்தேன். ஒரு சாண் இடைவெளியில் நின்றேன். வாசகரே, என் முன் நிறைந்த திடல். ஒரு முதுகும் இல்லை, அத்தனையும் முகங்கள். நன்றியுரைக்கு எழுந்த எவனுக்கும் வாய்க்காத அவை. பஸ்தீல் என் நாவின் நுனியில் நின்றது. இரண்டே வாக்கியத்தில் அவர்களைப் பிடித்துவிடலாம். பிடித்தால் விடிய விடிய விடமாட்டேன். என் இடம் எனக்குத் திரும்பக் கிடைத்திருந்தது. நான் கேட்காமல், நான் ஏற்பாடு செய்யாமல்.

தடையாக இருந்தது அந்தப் பார்வை ஒன்றுதான். இரக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். நான் அவனை வெல்ல விரும்பினேன். மேடையில், சொல்லால், பலர் பார்க்க. ஆள் வைத்து விசிலடித்து வென்றவன் என்று அவன் வாழ்நாள் முழுவதும், அத்தனை தொலைவில், நம்பிக்கொண்டிருப்பதை என்னால் தாங்க முடியாது. அது என் திறமைக்கு நேரும் அவமதிப்பு.

"அவையோரே" என்றேன், தாழ்ந்த குரலில். "நன்றி சொல்வதற்கு முன் பிரான்சைப் பற்றி ஒரு செய்தி. சீட்டில் எவரும் கேட்காத செய்தி. அங்கே கூட்டத்தில் விசிலடித்தால், பேசுகிறவன் இறங்கிப் போகவேண்டும் என்று பொருள். சிறப்பு விருந்தினர் நான்கு ஆண்டுகள் அங்கே இருந்தவர். ஆகவே இறங்கிப் போயிருக்கிறார்."

ஒரு சலசலப்பு எழுந்து அடங்கியது.

"ஆகவே அவர் காதில் விழும்படி ஒரு விசாரணை நடத்த வேண்டியிருக்கிறது. பூவரச மரத்தடியில் இருப்பவர்களைக் கேட்கிறேன். இப்போது அடித்த விசில் எதற்கு?"

ஒரு பையன் கத்தினான். "நல்லாருந்துச்சுண்ணே. அதான்."

"யாராவது அடிக்கச் சொன்னார்களா?"

"யாரு சொல்லணும்? கண்ணாடி ஒடஞ்சிச்சுன்னாரே, அதுக்குத்தான்."

இத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் விசாரணையை முழுமையாக நடத்துவதே என் பழக்கம். "எனக்கு ஆண்டுதோறும் அடிப்பீர்களே, அதே விசில்தானா?"

அதே பையன், சற்றுத் தணிந்த குரலில், ஆனால் திடல் முழுவதும் கேட்கும்படி சொன்னான்: "அதவிட பெரிய விசிலுண்ணே."

ஒருசிலர் சிரித்தார்கள். ஒலிபெருக்கியில் அதை நானே திருப்பிச் சொன்னேன், மேடைக்குப் பின்னால் இருப்பவனுக்கு எட்ட வேண்டும் என்பதற்காக. "அதைவிடப் பெரிது என்கிறார்கள்." என் வாழ்நாளில் நான் சொன்ன மிகக் குறுகிய வாக்கியங்களில் ஒன்று அது. அதைச் சொல்லி முடிப்பதற்கு எனக்கு எவ்வளவு மூச்சு தேவைப்பட்டது என்பது பேச்சாளர்களுக்கு விளங்கும்.

படுதா விலகியது. எதிர்வீட்டான் வந்து நின்றான். முகத்தைக் கழுவியிருந்தான், தண்ணீர் சட்டைக் காலரில் சொட்டியது. ஊர் 'தண்ணீர் குடிக்கப் போனான்' என்று சொல்வது அதை வைத்துத்தான். மரத்தடியிலிருந்து மறுபடியும் விசில் எழுந்தது. இம்முறை அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டு அதைக் கேட்டான். பிறகு ஒலிபெருக்கியை இரண்டு கையாலும் பிடித்தான்.

"அடுத்த சீட்டு என்னங்க?"

நான் கடைசி நாற்காலிக்குப் போனேன். சீட்டுகள் தீரும்வரை அவன் பேசினான். பாயின் மச்சான் மகன் மட்டும் எழுந்து எழுந்து ஐந்தாறு கேள்விகள் கேட்டான். முடிந்ததும் கூட்டம் எழுந்தது. செருப்பைத் தேடினார்கள், குழந்தைகளைத் தோளில் போட்டார்கள். நன்றியுரை இன்னும் நிகழவில்லை என்பது செயலாளருக்கு நினைவிருந்ததா என்று தெரியவில்லை. அவர் டிராக்டர்காரர்களை வழியனுப்பிக்கொண்டிருந்தார். நானும் நினைவூட்டவில்லை.

பந்தல்காரர் நாற்காலிகளை மடக்கினார். ஒலிபெருக்கிக்காரர் கம்பியைச் சுற்றினார். மேடை விளிம்பில் நானும் எதிர்வீட்டானும் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தோம். பொன்னாடையை அவன் மடித்து மடியில் வைத்திருந்தான்.

"நீதான் சொல்லிக் குடுத்துட்டன்னு நெனச்சேன்டா" என்றான்.

"தெரியும்."

"நீ அந்த மாதிரி ஆளு இல்லன்னும் தெரியும். ஆனா கால் நிக்கல. அதான்."

நான் மடக்கிய நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இனிக் காத்திருந்தால் என் கேள்வியைக் கேட்கவே முடியாது என்று தோன்றியது. கேட்டேன். "அங்க மேடைப் பேச்சு உண்டா? ஒருத்தன் நின்னு பேசறத, இந்த மாதிரி சனங்க வந்து உக்காந்து கேப்பாங்களா?"

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். இத்தனை நாளும் நான் கேட்கக் காத்திருந்தவன்போல, அவசரப்படாமல் யோசித்தான். "இருக்கும்டா. நான் போனதில்ல. நான் பாத்த வரைக்கும் காப்பிக் கடையில உக்காந்துதான் பேசுவாங்க. மணிக்கணக்கா பேசுவாங்க. ஒருத்தன் பேசறப்பவே இன்னொருத்தன் உள்ள பூந்து பேசுவான். குறுக்க பேசலன்னா நீ கேக்கவே இல்லன்னு நெனச்சுக்குவாங்க."

"பேசி முடிக்கவே விடமாட்டாங்களா?"

"முடிக்கறதா? அங்க யாரு முடிக்கறா?"

எனக்கு அந்த நாடு முதன்முறையாகச் சற்று அச்சமூட்டியது. அப்போதும் பொறாமை குறையவில்லை. அப்படிப்பட்ட காப்பிக் கடையிலும் இவன் உட்கார்ந்திருக்கிறான், குறுக்கே பேசியிருக்கிறான், நான் பேசவில்லை.

"இன்னும் எதாச்சும் கேக்கணுமா?" என்றான்.

"இல்ல" என்றேன். எழுந்து நின்றேன். ஒலிபெருக்கி இல்லை, கூட்டம் இல்லை. இருந்தும் மூன்றாவது வாக்கியம் பூவரச மரத்தைத் தொடும்படியான குரலில் பேசினேன். பந்தல்காரர் கையில் நாற்காலியோடு நின்று திரும்பிப் பார்த்தார்.

"அடுத்த வருசம் சிறப்புரை எனக்குத்தான். நீ லீவு போட்டுட்டு வந்து முன் வரிசையில உக்காரணும். இன்னிக்கு நீ வாங்கின விசில விட ஒரு விசிலாச்சும் நான் கூட வாங்குவேன். வாங்கலன்னா, நீ எப்பெல்லாம் இந்த மேடையில ஏறுறியோ, அப்பெல்லாம் உனக்கு நன்றியுரை நான்தான் சொல்லுவேன். கூட்டம் எழுந்து போனாலும், நாற்காலிய மடக்குனாலும், கடைசி வரிவரைக்கும் சொல்லிட்டுத்தான் எறங்குவேன்."